பட்டியலின் கீழ்ப்பாதிக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் 2025-26 சீசன் இந்த வாரம் தொடங்குகிறது என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு முன்னோட்டம் போட்டிருந்தீர்கள். முழுசாகப் படித்தேன். லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, செல்சி, இந்த நாலில் யாருக்குக் கோப்பை என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. மீதி பதினாறு அணிகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம், அதுவும் எந்த வருஷத்துக்கு வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. சண்டை போட இதை எழுதவில்லை. ஆனால் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எங்கள் கரை முழுக்க இந்த லீக்கைப் பார்க்கிற கூட்டம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிசு, அதில் நிறைய பேருக்கு மேலே யார் என்பதைவிடக் கீழே யார் என்பதில்தான் சுவாரசியம்.

இந்தப் பழக்கம் பாதி வளைகுடாவில் இருந்து வந்தது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வேலைக்குப் போன அண்ணன்மாரும் மச்சான்மாரும் அங்கே அறையில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்துப் பழகி, விடுமுறைக்கு வரும்போது ஜெர்சியோடு பைத்தியத்தையும் கொண்டுவந்து இறக்கினார்கள். மீதிப் பாதிக்கு ஊரில் அணிக்கு ஏழு பேராக ஆடுகிற கால்பந்தும் செல்போனும் காரணம். இப்போது பையன்கள் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி சேர்க்கிற ஃபேன்டசி லீக் வேறு ஆடுகிறார்கள். அதில் பதினைந்து பேரை எடுக்க 100 மில்லியன்தான், ஒரு கிளப்பில் இருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கவும் முடியாது. சாலா, ஹாலந்து மாதிரி விலை கூடின ஆட்டக்காரர்களுக்குக் காசைக் கொட்டிவிட்டால் மீதி ஆளைக் கீழ்ப்பாதி அணிகளில்தான் பொறுக்க வேண்டும். அதனால் பர்ன்லியின் இடது பேக் யார் என்று இங்கே பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நீங்கள்தான் போட மாட்டேன் என்கிறீர்கள்.

சரி, குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் நியாயமில்லை, நானே என் கணிப்பை எழுதி அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். நாற்பது புள்ளி எடுத்துவிட்டால் கடைசி மூன்று இடத்தில் வந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்துவிடலாம் என்று வர்ணனையில் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது என்பது உண்மைதான், அந்தக் காலம் வேறு. போன சீசனில் பதினெட்டாம் இடத்தில் இருந்து இறங்கிய லெஸ்டர் எடுத்தது வெறும் 25. அதாவது அந்த சீசனில் 26 இருந்திருந்தாலே போதும், இன்னொரு வருஷம் மேலே இருந்திருக்கலாம். அதற்கு முந்தின சீசனில் லூட்டன் 26 எடுத்து இறங்கியது, நாலு புள்ளி அபராதம் போக 32 வைத்திருந்த நாட்டிங்காம் பாரஸ்ட் தப்பியது. கீழே இருப்பவர்கள் அவ்வளவு மோசமாக இருந்ததால்தான் போன சீசனில் டோட்டன்ஹாம் 22 ஆட்டத்தில் தோற்று, 38 புள்ளியோடு பதினேழாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வியர்வை கூட இல்லாமல் யூரோப்பா லீக் என்கிற ஐரோப்பியக் கோப்பையைத் தூக்க முடிந்தது.

புதிதாக மேலே வருகிற மூன்று அணிகளும் அதே சீசனில் அப்படியே திரும்பிப் போவது பிரீமியர் லீக்கில் 1997-98ல் ஒரு தடவை நடந்தது, அப்புறம் கால் நூற்றாண்டாக நடக்கவில்லை. இப்போது அடுத்தடுத்து இரண்டு சீசனில் நடந்துவிட்டது. 2023-24ல் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட். 2024-25ல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன். சவுத்தாம்டன் 38 ஆட்டம் ஆடி எடுத்தது 12 புள்ளி, 2007-08ல் டெர்பி எடுத்த 11தான் அதைவிட மோசம். இதைப் பார்த்துவிட்டு இங்கே டீக்கடையில் எல்லாரும் இந்த வருஷமும் லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லாந்து மூன்றும் வந்த வழியே போகும் என்று எழுதி வைத்ததுபோலச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மூன்றில் ஒன்றுதான் திரும்பும் என்பது என் பேச்சு. மீதி இரண்டு இடத்துக்கு ஏற்கெனவே மேலே இருக்கிறவர்களே ஆள் அனுப்பப் போகிறார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி அணிகளைக் கணிக்கும்போது யாரை வாங்கினார்கள் என்று பார்ப்பதைவிட யாரை விற்றார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய கிளப் ஒரு ஆளை விற்றால் பெஞ்சில் அதே தரத்தில் இன்னொருவன் இருப்பான். சின்ன கிளப்பில் அப்படி ஒருத்தன் இருந்தால் அவனையும் விற்றிருப்பார்கள். நல்ல இஞ்சினை விற்ற காசில் புதுசாக நாலு வலை வாங்கிப் போட்டால் படகு பார்க்க ஜோராகத்தான் இருக்கும், பாரை தாண்டுமா என்பதுதான் கேள்வி.

பிரென்ட்போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன சீசனில் பத்தாம் இடம், 56 புள்ளி, 66 கோல். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 66ல் ம்பெமோ அடித்தது 20, விசா அடித்தது 19. ரெண்டு பேர் சேர்ந்து 39. ம்பெமோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். விசா நியூகாசிலுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார், ஆள் மாற்றச் சந்தை செப்டம்பர் 1 வரை திறந்திருக்கிறது, அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கேப்டன் நோர்கார்ட் ஆர்சனலுக்கு. கோல்கீப்பர் ஃப்ளெக்கன் ஜெர்மனிக்கு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, இத்தனை வருஷம் யார் போனாலும் அதே இடத்துக்கு இன்னொருவனைத் தயார் செய்துவைத்த தாமஸ் ஃப்ராங்கே டோட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கிற கீத் ஆண்ட்ரூஸ் போன சீசன் வரை அதே கிளப்பில் கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்குப் பயிற்சி கொடுத்தவர், தலைமைப் பயிற்சியாளராக இதுதான் முதல் வேலை. நல்ல மனிதராக இருக்கலாம். லிவர்பூலில் இருந்து கெலஹர் வந்திருப்பது நல்ல வாங்கல், ஜோர்டன் ஹெண்டர்சனும் வந்திருக்கிறார், வயசு 35. ஆனாலும் பயிற்சியாளர், கேப்டன், கீப்பர், கோல் அடிக்கிறவர் என்று நடுமுதுகு மொத்தமும் ஒரே கோடையில் போன ஒரு அணி அடுத்த சீசனிலும் பத்தாம் இடத்தில் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. பதினெட்டு என்று எழுதுகிறேன். பிரென்ட்போர்ட் கிளப்பைக் கணக்குப் போட்டு நடத்துகிறார்கள், அவர்கள் கணக்கு தப்பாது என்று என் தங்கச்சி வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். கணக்கு எனக்கும் தெரியும், ஐஸ் கம்பெனியில் அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன், 66ல் 39 போனால் 27.

அடுத்து வுல்வ்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன சீசனில் 69 கோல் வாங்கிய அணி. டிசம்பரில் விட்டோர் பெரேரா வந்து தூக்கி நிறுத்தினார், வசந்த காலத்தில் தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தார்கள், எல்லாரும் ஆகா என்றார்கள். அந்த ஆறில் யார் யாரை ஜெயித்தார்கள் என்று பாருங்கள். சவுத்தாம்டன், இப்ஸ்விச், லெஸ்டர், மூன்றும் இறங்கிய அணி. மற்றவை வெஸ்ட் ஹாம், டோட்டன்ஹாம், மான்செஸ்டர் யுனைடெட், போன சீசனில் அந்த மூன்றின் நிலைமையும் தெரிந்ததுதான். அது முடிந்ததும் கடைசி நாலு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. இப்போது 15 கோல் அடித்த குன்யா யுனைடெட்டுக்குப் போய்விட்டார், இடது ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்த ஐத் நூரி சிட்டிக்கு, வலது ஓரத்தில் கேப்டன் செமெடோ துருக்கிக்கு. இரண்டு ஓரமும் நடுவில் மூளையும் ஒன்றாகப் போய்விட்டன. ஸ்ட்ராண்ட் லார்சன் மட்டும் இருக்கிறார், போன சீசனில் 14 அடித்தார், ஆனால் அவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்கிறவர்கள்தான் கிளம்பிப்போனவர்கள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு முதல் ஆட்டமே சிட்டியோடு. இருபதாம் இடம், கடைசி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் பர்ன்லி. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டாம் டிவிஷனில் போன சீசனில் அவர்கள் செய்தது ஒரு கின்னஸ் வேலை. 46 ஆட்டத்தில் வாங்கியது 16 கோல். 30 ஆட்டத்தில் கோலே வாங்கவில்லை. 100 புள்ளி எடுத்தும் முதல் இடம் கிடைக்கவில்லை, லீட்ஸும் 100 எடுத்து கோல் வித்தியாசத்தில் முந்திவிட்டது. ஆனால் அந்தச் சுவரின் கடைசிக் கல்லாக நின்ற கீப்பர் ட்ராஃபர்டை சிட்டி திரும்ப வாங்கிக்கொண்டது, நடுத் தடுப்பாளர் ஈகன் ரைலி பிரான்சுக்குப் போனார், 18 கோல் அடித்த நடுக்கள ஆட்டக்காரர் பிரவுன்ஹில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்துவிட்டார். பதிலுக்கு வந்திருப்பது கைல் வாக்கர், டுப்ரவ்கா மாதிரி அனுபவசாலிகள். அனுபவம் நல்லதுதான், முழங்காலும் ஒத்துழைக்க வேண்டுமே. பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கர் ஃபுல்ஹாமோடு 2020-21ல் இறங்கியவர், 2022ல் போர்ன்மவுத்தை மேலே கொண்டுவந்து லிவர்பூலிடம் 9-0 என்று வாங்கிய கையோடு வேலை போனவர். இறுக்கி அடைத்து ஆடுவார். கீழ் டிவிஷனில் இறுக்கி அடைத்தால் 0-0 வரும், மேலே அதே மாதிரி அடைத்தால் எண்பதாவது நிமிஷத்தில் யாரோ ஒரு நூறு மில்லியன் பவுண்டு ஆள் வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போவான். பத்தொன்பது.

சண்டர்லாந்து ஏன் இந்த மூன்றில் இல்லை என்று கேட்பீர்கள். புள்ளிக் கணக்கில் பார்த்தால் அவர்கள்தான் முதலில் விழ வேண்டியவர்கள். லீட்ஸும் பர்ன்லியும் 100 எடுத்த அதே டிவிஷனில் 76 எடுத்து நாலாம் இடத்தில் வந்து, மீதி ஒரு இடத்துக்கு நடக்கிற ப்ளே ஆஃப் வழியாகத் தொற்றிக்கொண்டு ஏறியவர்கள். அதுவும் எப்படி, அரையிறுதியில் கவன்ட்ரியோடு கூடுதல் நேரமும் முடியப்போகிற கடைசிக் கட்டத்தில் பாலர்டின் தலை, வெம்ப்லியில் இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக 95வது நிமிஷத்தில் டாம் வாட்சன் என்கிற பையனின் கால். அந்தப் பையன் ஏற்கெனவே பிரைட்டனுக்குப் போவதாக முடிவாகியிருந்தது, போவதற்கு முன்னால் கிளப்பைக் கரையேற்றிவிட்டுப் போனான். 2017ல் இறங்கி, அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷனுக்கும் இறங்கி, அங்கே நாலு வருஷம் கிடந்து எழுந்து வந்தவர்கள். நான் அவர்களைத் தேர்ந்தெடுப்பது பாவம் பார்த்து அல்ல. ஜோப் பெல்லிங்காமை டார்ட்முண்டுக்கு விற்றார்கள், அவ்வளவுதான் பெரிய இழப்பு. வாங்கியது ஒரு அணிக்குச் சமம்: டியாரா, சடிகி, அடிங்ரா, டல்பி, ரெய்னில்டோ, எல்லாவற்றுக்கும் மேலே கிரானிட் ஜாக்கா. லெவர்குசனில் ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் ஜெர்மனி லீக்கை ஜெயித்த அணியின் நடு ஆள், இந்த வயசில் சண்டர்லாந்துக்கு வருகிறார் என்றால் வெறும் சம்பளத்துக்கு மட்டும் வந்திருக்க மாட்டார். ஒரு பயம் மட்டும் இருக்கிறது. டிசம்பர் 21ல் மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்குகிறது, ஜனவரி 18 வரை நடக்கும். நான் மேலே சொன்ன பெயர்களில் ஜாக்காவைத் தவிர அத்தனை பேரும் அதற்குப் போகக்கூடியவர்கள். ஆங்கில லீக்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஆட்டம் நெருக்கி நெருக்கி வரும். அதற்கு முன்னாலேயே இருபது புள்ளி சேர்த்துவிட்டால் பிழைப்பார்கள். பதினேழு.

லீட்ஸ் பதினைந்து அல்லது பதினாறு. பயிற்சியாளர் டேனியல் ஃபார்க்கே நார்விச்சை ரெண்டு தடவை மேலே கொண்டுவந்து ரெண்டு தடவையும் அங்கே நிற்க முடியாமல் தடுமாறியவர், முதல் தடவை 21 புள்ளியோடு கடைசி. அதை வைத்துத்தான் எல்லாரும் அவரைக் கேலி செய்கிறார்கள். ஆனால் நார்விச்சுக்குக் கொடுத்த காசும் லீட்ஸுக்குக் கொடுத்த காசும் ஒன்றில்லை, போன சீசனில் 95 கோல் அடித்த அணியைப் பெரிதாகக் கலைக்கவும் இல்லை. ஸ்டாஹ், லாங்ஸ்டாஃப், பியோல் என்று உயரமும் உடம்புமாக ஆள் எடுத்திருக்கிறார்கள். எல்லண்ட் ரோடு மைதானத்தில் போய் ஜெயிப்பது யாருக்கும் சுலபமில்லை. கோல் அடிக்க ஒரு நல்ல ஒன்பதாம் நம்பர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

வெஸ்ட் ஹாம் எனக்குப் பிடிபடாத அணி. ஜனவரியில் கிரஹாம் பாட்டர் வந்தார், 43 புள்ளி, பதினாலாம் இடம், குடுஸை டோட்டன்ஹாமுக்கு விற்றாகிவிட்டது, போவன் ஒருவர் தோளில்தான் முழுப் பாரமும். பதினாலே போடுகிறேன், மனசு பதினாறு என்கிறது.

போர்ன்மவுத்தை விற்றுத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஹியூசன் ரியல் மாட்ரிட்டுக்கு, கெர்கெஸ் லிவர்பூலுக்கு, ஜபார்னி பாரிசுக்கு, வேறு கிளப்பில் இருந்து ஒரு சீசனுக்குக் கடனாக வந்திருந்த கீப்பர் கெப்பாவும் ஆர்சனலுக்கு. தடுப்பு வரிசை மொத்தமும் வேறு ஆள். என் சூத்திரப்படி பார்த்தால் இவர்களும் விழ வேண்டும், ஆனால் பிரென்ட்போர்டுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம், பயிற்சியாளர் இரவோலா அப்படியே இருக்கிறார். அவருடைய முதல் சீசனில் முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றும் ஜெயிக்கவில்லை, கிளப் பதறவில்லை, கடைசியில் 48 புள்ளியோடு பன்னிரண்டாம் இடம் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நடுராத்திரி லிவர்பூலோடு முதல் ஆட்டம், நாலு கோல் வாங்கினாலும் நான் என் கணிப்பை மாற்ற மாட்டேன். பதினொன்று.

எவர்டன் மேலே போகும். டேவிட் மோயஸ் ஜனவரியில் வந்து கப்பலை நிமிர்த்திவிட்டார். 1892ல் இருந்து ஆடிக்கொண்டிருந்த குடிசன் பார்க்கை விட்டு, மெர்சி ஆற்றுத் துறைமுகத்தில் பழைய கப்பல் தொட்டியை மூடி 52,000 பேருக்கு மேல் உட்காரக் கட்டிய புது மைதானத்துக்குப் போகிறார்கள். புது மைதானத்தில் முதல் வருஷம் சொந்த வீடு மாதிரி இருக்காது என்பார்கள், இருக்கட்டும். ஜாக் கிரீலிஷ் கடனுக்கு வந்திருக்கிறார், டியூஸ்பரி ஹாலும் வந்திருக்கிறார். அபராதமாக எட்டு புள்ளி போயும் 2023-24ல் பிழைத்த அணி, 1954ல் இருந்து ஒரு தடவை கூட மேல் டிவிஷனை விட்டு இறங்காத அணி. ஒன்பது.

ஃபுல்ஹாம் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவர்களும் ஒன்றும் செய்யவில்லை. பத்து. பிரைட்டன் ஜோவோ பெட்ரோவை செல்சிக்கு விற்றது, பிரைட்டன் வருஷா வருஷம் யாரையாவது செல்சிக்கு விற்கும், அப்படியும் எட்டு.

நாட்டிங்காம் பாரஸ்டும் கிறிஸ்டல் பேலஸும் ஒரே சிக்கலின் இரண்டு முனை. போன சீசனில் பாரஸ்ட் 65 புள்ளியோடு ஏழாம் இடம், முந்தின வருஷம் பதினேழு. பேலஸ் மே 17ல் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று சாய்த்து எஃப்.ஏ. கோப்பை வாங்கியது, கிளப்பின் வாழ்க்கையில் முதல் பெரிய கோப்பை. போன ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டத்தில் லிவர்பூலையும் பெனால்டியில் வென்றார்கள். எஃப்.ஏ. கோப்பைக்குக் கிடைத்திருக்க வேண்டிய யூரோப்பா லீக் இடத்தை, ஒரே முதலாளிக்கு இரண்டு கிளப்பில் பங்கு இருக்கக் கூடாது என்கிற விதியைச் சொல்லிப் பறித்து, மூன்றாம் நிலைப் போட்டிக்குத் தள்ளிவிட்டார்கள், விளையாட்டு நடுவர் மன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. பேலஸின் இடம் பாரஸ்டுக்குப் போனது. ஆடுகளத்தில் ஜெயித்ததைக் காகிதத்தில் தோற்பது எவ்வளவு எரிச்சல் என்று எங்கள் பக்கம் ஏழு பேர் ஆட்டத்தில் வெளியூர் ஆளை இறக்கினார்கள் என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும். எப்படியோ ரெண்டு பேருக்கும் இனி வியாழக்கிழமை ஐரோப்பா, ஞாயிற்றுக்கிழமை லீக். பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் எமன். பாரஸ்டுக்கு முழுக்க கிறிஸ் வுட் அடித்த 20 கோல், அவருக்கு வயசு 33, பந்தை முன்னே கொண்டுபோன எலங்காவையும் விற்றுவிட்டார்கள். பாரஸ்ட் பதின்மூன்றுக்கு இறங்கும். பேலஸ், எஸேயும் குயேஹியும் செப்டம்பர் வரை தங்கினால் ஏழு, ரெண்டு பேரும் போனால் பன்னிரண்டு.

இப்போது மான்செஸ்டர் யுனைடெட். கீழ்ப்பாதியைப் பற்றி எழுதுகிற கடிதத்தில் இவர்கள் ஏன் என்று இங்கே பாதி ஊர் என்னோடு சண்டைக்கு வரும். போன சீசனில் 42 புள்ளி, பதினைந்தாம் இடம், 1973-74ல் இறங்கின பிறகு இவ்வளவு கீழே வந்ததில்லை. வுல்வ்ஸும் அதே 42தான் எடுத்தது. எனவே முறைப்படி அவர்களும் என் எல்லைக்குள் வருகிறார்கள், நான் ஒன்றும் வம்புக்கு இழுக்கவில்லை. குன்யா, ம்பெமோ என்று கீழே இருக்கிறவர்களின் இஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார்கள், ஐரோப்பிய ஆட்டம் எதுவும் இல்லாததால் வாரம் முழுக்க ஓய்வு. ஏழு அல்லது எட்டு வரலாம். இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆர்சனல் ஆட்டத்துக்கு முன்னால் யாரும் பட்டாசு வாங்க வேண்டாம்.

இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடுகிற நம்ம சென்னையின் எஃப்.சி. பற்றி ஏன் ஒரு வரி இல்லை என்று கேட்கலாம். போன சீசனில் பதின்மூன்று அணியில் பதினொன்று, 2015லும் 2018லும் கோப்பை தூக்கிய அணி. இந்த சீசனில் எத்தனையாம் இடம் வருவார்கள் என்று கணிக்க எனக்கும் ஆசைதான், முதலில் சீசன் உண்டா என்றே ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். லீக்கை நடத்துகிற நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஒப்பந்தம் முடிவாகாமல் ஜூலையில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள், கிளப்புகள் ஒன்றொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் கடைசி இடத்தில் வந்து இறங்கிப்போகிற அணிக்குக் கூட 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் டி.வி. பணம் கிடைக்கிறது. இங்கே நம் ஆட்டக்காரனுக்கு ஆகஸ்ட் சம்பளம் வருமா என்பதே தெரியவில்லை. இதைப் பற்றி உங்கள் பக்கத்தில் இன்னும் விவரமாக எழுதலாம், எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். திங்கட்கிழமைப் பத்திரிகையில் புள்ளிப் பட்டியல் போடும்போது முதல் ஆறு இடத்தோடு நிறுத்தாமல் இருபது அணியையும் போடுங்கள். செல்போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாட்களில் சனிக்கிழமையும் ஒன்று. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாள் காலையில்தான் கரை சேர்வார்கள், நடுக்கடலில் சிக்னல் ஏது. நிறைய ஆட்டம் சனிக்கிழமை ராத்திரி 7.30க்குத்தான், அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றினால் 8.30. ஞாயிறு காலை மீனை இறக்கி, ஏலம் முடிந்து, வலையைச் சரிபார்த்து, தூங்கி எழுந்தால் அன்றைய ஆட்டமும் போய்விடும். திங்கட்கிழமை மறுபடி கிளம்புவதற்கு முன்னால் ஐஸ் ஏற்றுகிற நேரத்தில் எங்கள் ஆபீசில் கிடக்கிற உங்கள் பத்திரிகையைத்தான் விரித்துப் பார்க்கிறார்கள். ஆறாம் இடத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் "அண்ணே, எவர்டன் என்னாச்சு, சண்டர்லாந்து என்னாச்சு" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் ரசீது எழுதுவதா, அவர்களுக்குப் புள்ளிப் பட்டியல் ஒப்பிப்பதா?

பதினாலு வரி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். நகைக் கடை விளம்பரத்தை ஒரு அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். வரும் சனிக்கிழமை 7.30க்கு சண்டர்லாந்தும் வெஸ்ட் ஹாமும் மோதுகின்றன, டோட்டன்ஹாமுக்கு எதிராக பர்ன்லி, பிரைட்டனில் ஃபுல்ஹாம். திங்கள் நடுராத்திரி லீட்ஸும் எவர்டனும். இந்த வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டால் மே 24 கடைசி நாள் வரை என் கணிப்பு எங்கே நிற்கிறது என்று எல்லாரும் சரிபார்த்துக்கொள்ளலாம், எனக்கும் திட்டு வாங்க வசதியாக இருக்கும்.

இடம் போதாது என்று இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் மான்செஸ்டர் யுனைடெட் பத்தியை எடுத்துவிடுங்கள், பர்ன்லியைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.